இருபத்திரண்டுக்கு அடுத்து இருபத்தைந்து

என் அண்ணன் ஷர்வின் மலேசியாவில் தாப்பா ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்த மாதங்களில், எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் இடையே போய்வந்த கடிதங்கள் இவை. அந்த இல்லத்தில் கைப்பேசி கிடையாது. அண்ணன் மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறுவார். அதனால் மலாய்க்கு வழங்கும் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில்தான், தமிழை எழுதிக்கொண்டோம். இப்போது தமிழ் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன். ஒரு வரியையும் விடவில்லை.

முன்னதாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சென்ற நவம்பரில் எங்கள் சபையின் ஜெப விண்ணப்பப் பெட்டியில் அண்ணனைப் பற்றி, எழுதியவர் பெயர் போடாத சீட்டு ஒன்று விழுந்தது. வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசித்தார்கள். மறுநாள் காலை வீட்டுக்குப் போலீஸ் வந்தது. அந்தச் சீட்டை எழுதியது நான்.

சுங்கை சிப்புட்
9 பிப்ரவரி 2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

தங்கை கெசியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே தண்ணீரும் சாப்பாடும் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

நீங்கள் கேட்டபடி மத்தேயு முதல் நான்கு அதிகாரங்களை ஒரு நோட்டில் ரூமியில் எழுதி அனுப்பியிருக்கிறேன். உங்கள் இல்லத்தில் வாரம் ஓர் அதிகாரம் என்று சொன்னீர்கள். நானும் அதே பகுதியைக் காலை ஐந்தரைக்கு எழுந்து படிக்கிறேன். பள்ளி பஸ் ஆறே காலுக்குத்தான் வரும். நீங்கள் அங்கே படிக்கும் வசனத்தையே நான் இங்கே படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல ஆளுக்கு ஒரு வசனமாக வாசிக்கிறோம். உங்கள் முறை வரும்போது அம்மா இரண்டு வசனம் வாசிக்கிறார். அப்பாவுக்கு ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறிவிட்டது. உங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் தாப்பாவுக்கு எந்த நேரத்தில் பஸ் என்று எல்லாருக்கும் சொல்கிறார்.

என் படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் உடம்பைப் பாருங்கள்.

ஜெபத்தில் நினைக்கும்,
கெசியா

தாப்பா
23 பிப்ரவரி

பாப்பா,

அண்ணன் எழுதுறேன். நல்லா இருக்கேன், மூணு கிலோ ஏறிட்டேன். அம்மாவ மாடிப்படி ஏறாம இருக்கச் சொல்லு.

நோட்டு கெடச்சுச்சு. முதல் அதிகாரத்துல என்னா இத்தன பேருலா? அவன் இவனப் பெத்தான், இவன் அவனப் பெத்தான்னு படிச்சு நாக்கு சுளுக்கிக்கிச்சு. என் ரூம்ல கார்த்திகேசுன்னு ஒரு லோரி டிரைவர் இருக்காரு. "டேய், உங்கப்பா ஜெயபாலன் பேரு வருதான்னு பாருடா"ன்னு ஒரே கேலி. இங்கிலீஷ் பைபிள் இருக்கு, படிச்சா தூக்கம் வருது. உன் நோட்டுல படிச்சா அம்மா வாசிக்கிற சத்தம் கேக்குது.

காலையில கத்தரிக்காய்க் கொல்லை, மத்தியானம் கோழி, சாயந்தரம் பாட்டு. கனகராஜ் அண்ணேதான் இங்க பொறுப்பு. அவரு ஆளுக்கு ஒரு சின்ன புக்கு குடுத்து, நீ யாரை வெறுக்கிறியோ அந்த ஆளு பேர எழுது, தெனமும் அவனுக்காக ஜெபம் பண்ணுன்னாரு. நான் என் கூட்டாளி தர்மா பேர எழுதினேன்.

அவன்தான் அந்தச் சீட்டப் போட்டான். சாமான் கொட்டகையில பால்வாளிக்குள்ள பொட்டலம் இருக்குன்னு எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். கிறிஸ்மஸுக்கு டிரம்ஸ் வாசிக்க வாரேன்னு சபைக்கு வந்துக்கிட்டே இருந்தான், பெட்டி எங்க இருக்குன்னும் தெரியும். இங்க வாரதுக்கு முன்னாடி நான் அவன் பல்ல ஒடச்சது தப்பு. ஆனா அவன் பண்ணது அதவிடத் தப்பு. அவன் பேரச் சொல்லி ஜெபம் பண்றப்ப வயிறு எரியுது. இருந்தாலும் பண்றேன்.

அடுத்த நோட்ட அனுப்பு. அப்பாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லு.

அண்ணன்

சுங்கை சிப்புட்
8 மார்ச் 2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். மூன்று கிலோ என்றதும் அம்மா அழுதுவிட்டு உடனே சிரித்தார். இப்போது மாடிப்படி ஏறுவதில்லை, ஏணி ஏறுகிறார்.

ஐந்து முதல் எட்டு வரை எழுதியிருக்கிறேன். ஐந்தாம் அதிகாரம் நீளமானது, கை வலித்தது. வேத வினாப்போட்டிக்காக இந்த அதிகாரங்களையெல்லாம் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். எத்தனை வசனம், யார் யாரிடம் சொன்னார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இப்போது காலையில் தனியாகப் படிக்கும்போது வசனம் என்னைக் கேள்வி கேட்கிறது. அதற்கு நான் தயார் செய்யவில்லை.

தர்மா அண்ணன் இப்போது சபைக்கு வருவதில்லை. சீட்டை அவர்தான் எழுதினார் என்று நிச்சயமாகத் தெரியாதல்லவா? பெயர் சொல்லாமல், எழுதியவர் யாராக இருந்தாலும் மன்னிக்கிறேன் என்று ஜெபித்தால் போதாதா? எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

பள்ளியில் நூலகப் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் புத்தகங்களைக் கரையான் அரித்திருக்கிறது. மீதியை அடுக்குகிறேன்.

இருமல் இருந்தால் வெந்நீர் குடியுங்கள்.

கெசியா

தாப்பா
25 மார்ச்

பாப்பா,

சுகம்தான். இருமல் போச்சு, இப்ப கார்த்திகேசுக்கு வந்திருக்கு, எனக்குத் தூக்கம் போச்சு.

உன்னால இன்னிக்கு என் மானம் போச்சு, தெரியுமா? காலையில வட்டமா உக்காந்து ஆளுக்கு ஒரு வசனம் படிப்போம். ஐஞ்சாம் அதிகாரம். எண்ணிப் பாத்தா இருபத்திமூணு என் முறை. நோட்டத் தொறந்தா இருபத்திரண்டுக்கு அடுத்து இருபத்தைஞ்சு. நான் பாட்டுக்கு இருபத்தைஞ்ச சத்தமா படிச்சுட்டேன். எல்லாரும் சிரிக்கிறானுங்க. "ஷர்வினுக்கு அவசரம், சீக்கிரம் மோட்சம் போகணுமாம்"னு கார்த்திகேசு ஒரு போடு போட்டாரு. வெக்கத்துல மத்தவங்க என்னா படிச்சாங்கன்னே காதுல விழல.

வேத வினா ராணி, உனக்கே பிழையா? அந்த ரெண்டையும் எழுதி அனுப்பு.

பேரில்லாம ஜெபம் பண்ணச் சொன்னியே, கனகராஜ் அண்ணேகிட்ட கேட்டேன். பேரில்லாத ஆள மன்னிக்கிறது லேசுடா, அதுல உனக்கு ஒண்ணும் கொறையாதுங்கறாரு. அதனால தர்மாதான்.

அம்மா ஏணி ஏறினா ஏணிய ஒளிச்சு வை.

அண்ணன்

சுங்கை சிப்புட்
30 மார்ச் 2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம். நாளை நோன்புப் பெருநாள், அப்பாவுக்கு இரண்டு நாள் விடுமுறை.

அந்த இரண்டு வசனங்கள் பக்கம் திருப்பும்போது விட்டுப்போயின. மன்னிக்கவும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இத்துடன் இருக்கிறது. அவசரமாக எழுதுகிறேன், பள்ளிச் சோதனைகள் வருகின்றன.

கெசியா

சுங்கை சிப்புட்
11 மே 2025

மகனே ஷர்வினுக்கு,

உன் அம்மா மங்களம், நான் சொல்லச் சொல்லக் கெசியா எழுதுகிறாள். நான் நன்றாக இருக்கிறேன், நீயும் கர்த்தருடைய கையில் சுகமாக இருப்பாய்.

தங்கச்சி கடிதம் போடவில்லை என்று கோபப்படாதே. அவளுக்குப் படிப்பு ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருக்கிறாள். காலையில் முழங்காலில் நின்றால் பஸ் ஹாரன் அடித்தால்தான் எழுகிறாள், சில நாள் அழுதுகொண்டே. இந்த வருஷம் வினாப்போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை, பரிசுக்காகப் படிக்கக் கூடாது என்கிறாள். பாஸ்டர் பிரசங்கத்திலேயே அவளைச் சொன்னார். நம் வீட்டில் ஒரு பிள்ளை தவறினாலும் ஒரு பிள்ளையை ஆண்டவர் இவ்வளவு உயர்த்திவிட்டார். நீயும் அவளைப் போல ஆக வேண்டும். அதுதான் அம்மாவுக்கு ஆசை.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். — கெ.

தாப்பா
1 ஜூன்

பாப்பா,

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? எனக்கு ஒரு கொறையும் இல்ல, கோழி மட்டும் கொத்துது.

பதிமூணாம் அதிகாரத்துலேருந்து எங்கிட்ட நோட்டு இல்ல. மத்தவங்க படிக்கிறதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். பரவால்ல, படிப்பு முக்கியம்.

நல்ல செய்தி ஒண்ணு. ஆகஸ்ட் பத்தாம் தேதி ஞாயிறு நான் வெளிய வாரேன். பாஸ்டர் அன்னிக்கே சபையில சாட்சி சொல்லச் சொல்லியிருக்காரு. தர்மாவுக்காக ஜெபம் பண்ணித் தொண்ணூறு நாளுக்கு மேல ஆச்சு. போன வாரம் அவன் பேர எழுதுறப்ப வயிறு எரியல. நான் சும்மா சொல்லல, நெஜமாவே எரியல. அதனால அவனச் சபைக்கு வரச் சொல்லி, எல்லாரு முன்னாடியும் கையப் புடிச்சு, "மச்சான், நீ சீட்டு எழுதிப் போட்டத நான் மன்னிச்சுட்டேன்"னு சொல்லப் போறேன். அவன் மனசும் லேசாகும்ல?

நீதான் நல்ல தமிழ்ல எழுதுவியே. சாட்சிய எழுதி அனுப்பு, நான் பாத்துப் படிக்கிறேன். ஒரு பக்கம் போதும்.

உன்ன மாதிரி ஆகணும்னு அம்மா சொல்றாங்க. பாக்கலாம்லா.

அண்ணன்

சுங்கை சிப்புட்
15 ஜூன் 2025

அண்ணே,

எல்லாரும் சுகம். நீங்கள் கேட்ட சாட்சியை நான்கு முறை எழுத உட்கார்ந்தேன். தர்மா அண்ணன் பெயர் வரும் இடத்தில் நின்றுவிடுகிறேன். அந்த இடத்தில் வர வேண்டியது என் பெயர்.

சீட்டை நான்தான் எழுதினேன்.

நவம்பர் இரண்டாம் தேதி ஈப்போவில் வினாப்போட்டி இருந்தது. காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். ஏழரைக்கு உங்களைத் தேடிக் கொட்டகைக்கு வந்தேன். தரையில் படுத்திருந்தீர்கள். பக்கத்தில் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பாலெடுத்த வாளி, அதற்குள் அந்தப் பொட்டலம். உலுக்கினேன். "நாளைக்குப் போலாம் பாப்பா" என்றீர்கள். போட்டி நாளைக்கு இல்லை. பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் குழுவை நீக்கிவிட்டிருந்தார்கள். ஒரு வருடமாகப் படித்திருந்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சீட்டு எழுதினேன். "நம் சபையின் வாலிபன் ஷர்வின் போதைக்கு அடிமையாகி, அதை வீட்டுக் கொட்டகையில் பால்வாளிக்குள் மறைத்து வைத்திருக்கிறான். கர்த்தர் அவனைச் சந்திக்க ஜெபியுங்கள்." கையெழுத்து தெரியாமல் இருக்க இடது கையால் எழுதினேன். ஜெபத்துக்குப் பால்வாளி தேவையில்லை, அண்ணே. கடவுளுக்கு இடம் தெரியும். இடத்தை எழுதியது அங்கே உட்கார்ந்திருக்கும் நாற்பது பெண்களுக்காக.

போலீஸ் வரும் என்று நினைக்கவில்லை. அப்பா அடிப்பார், எல்லாருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். நீங்கள் தர்மா அண்ணனை அடித்த அன்று சொல்லியிருக்கலாம். பயந்தேன். பிறகு, கனகராஜ் அண்ணன் கடிதங்களைப் பார்ப்பார் என்பதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். அவர் ரூமித் தமிழைப் படிக்க மெனக்கெட மாட்டார் என்று எனக்கும் தெரியும்.

போன மாதம் தாவூத் பாய் கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன். தர்மா அண்ணன் அங்கேதான் தேநீர் கலக்குகிறார்.

"தங்கச்சி, ஷர்வின் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்காரு அண்ணே."

"என்னைப் பத்திக் கேட்டானா?"

"இல்ல."

அவர் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். "நான் எழுதல தங்கச்சி. தமிழ்ல எம்பேரையே நான் தப்பாத்தான் எழுதுவேன். நீ சொன்னா அவன் நம்புவான்லா. நீதான் பைபிள் பொண்ணாச்சே."

"தர்மா, பேச்சு போதும், நாலு தே தாரேக்" என்று தாவூத் பாய் கத்தினார். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த இரண்டு வசனங்கள் பக்கம் திருப்பும்போது விட்டுப்போகவில்லை. பலிபீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது, உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போய் ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்பது அவற்றின் பொருள். அதை என் கையால் உங்களுக்கு எழுத முடியவில்லை. ஆனால் தினமும் காலையில் முழங்காலில் நின்றேன். அம்மா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

கெசியா

சுங்கை சிப்புட்
13 ஜூலை 2025

அண்ணே,

ஸ்தோத்திரம். நான்கு வாரமாகப் பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா என்று கேட்கமாட்டேன். கிடைத்திருக்கும்.

அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். அப்பா வெளியே போய் மோட்டாரைக் கழுவினார். மூன்றாம் நாள் அம்மா, "உன்னை நான் புகழ்ந்தத நீயே உக்காந்து எழுதினியே, கை கூசலயா?" என்று கேட்டார்.

தர்மா அண்ணனிடம் போனேன். கடையின் பின்பக்கம் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் ஒரு கிளாஸை முழுக்கக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினார்.

"பல்லு வலி ரெண்டு நாளு. அது போச்சு. கிறிஸ்மஸுக்குச் சபை வாசல் வரைக்கும் வந்தேன், உள்ள வான்னு கூப்பிட ஒரு ஆளில்ல. எல்லாரும் என்னப் பாத்து ஓரமா போனாங்க. அது இன்னும் போகல. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு நீ நிம்மதியா தூங்கிடுவியா?"

"சபையில சொல்றேன் அண்ணே."

"சொல்லு பாப்போம்."

வெள்ளிக்கிழமை, கூட்டத்துக்கு முன் பாஸ்டரம்மாவிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவி, "ஆண்டவரு உன்னை மன்னிச்சுட்டாரும்மா. இதெல்லாம் வெளிய சொல்லாத, உம்பேரு கெட்டுப்போகும்" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். அது மிகவும் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தைக் கண்டு பயமாகிவிட்டது. விண்ணப்பங்கள் வாசித்து முடித்ததும் எழுந்து நின்று சொன்னேன். சீட்டை எழுதியது நான், தர்மா அண்ணன் இல்லை, எழுதியது ஜெபத்துக்காக இல்லை என்று மூன்றே வாக்கியம். பாஸ்டரம்மா பாட்டு ஒன்றைத் தொடங்கினார். எல்லாரும் பாடினார்கள். என் பக்கத்தில் இருந்த வீரம்மா அத்தை மட்டும் பாடாமல், "அன்னிக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொன்னது நான்தான்டி" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கணவர் போலீஸ்காரர்.

பதின்மூன்றிலிருந்து இருபது வரை இத்துடன் அனுப்புகிறேன். ஒவ்வொரு அதிகாரத்தையும் அம்மா வசனம் வசனமாகச் சரிபார்த்தார். நான் கேட்டுக்கொண்டதால்.

எல்லாரும் சுகம்.

கெசியா

தாப்பா
27 ஜூலை

கெசியா,

உடம்பு சுகம்.

ரெண்டு லெட்டரும் வந்துச்சு. மொதல் லெட்டரக் கொல்லையில கொண்டுபோய்ப் படிச்சேன். மறுநாள் கத்தரிச் செடிக்குப் பதிலா வெண்டச் செடியப் புடுங்கிட்டேன். கார்த்திகேசு கேலி பண்ண வந்தாரு, என் மூஞ்சியப் பாத்துட்டுப் போயிட்டாரு.

அந்த ரெண்டு வசனம் எனக்கு ஏப்ரல் மாசமே தெரியும். நீ அனுப்பல, அதனால கனகராஜ் அண்ணேகிட்ட படிக்கச் சொல்லிக் கேட்டேன். தர்மாவப் போய்ப் பாக்கச் சொல்லித்தான் கடவுள் எனக்கு அத வச்சிருக்காருன்னு நெனச்சேன். அதுலேருந்துதான் அவன மன்னிக்கப் பாத்தேன். ஒரு தப்பும் பண்ணாத ஆள மூணு மாசமா மன்னிச்சிருக்கேன். எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா?

சாட்சி சொல்ல மாட்டேன்னு பாஸ்டருக்குச் சொல்லிட்டேன். பத்தாம் தேதி பஸ்ஸ விட்டு எறங்கி நேரா தர்மா வீட்டுக்குப் போறேன். அவன் என்னை அடிச்சா வாங்கிக்குவேன். அப்புறம்தான் வீடு. நீ பஸ் ஸ்டேஷனுக்கு வராத. உன் மூஞ்சியப் பாத்தா அன்னிக்கு என்னா பேசுவேன்னு எனக்கே தெரியல.

நீ சொல்லிக் குடுத்து நான் இங்க வந்து சேந்தது நல்லதுக்குத்தான்னு எல்லாரும் சொல்வாங்க. கனகராஜ் அண்ணேயும் சொன்னாரு. இருக்கலாம். எனக்கு அது வேணாம். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். ராத்திரி படுத்தா அதுதான் வருது. ஜெபியுங்கன்னு எழுதினியே. அன்னிக்கு, அந்தச் சீட்டப் போடுறப்ப, நீ எனக்காகக் கொஞ்சமாவது ஜெபம் பண்ணியா?

நல்ல தமிழ்ல சுத்தி வளைக்காம சொல்லு.

ஷர்வின்

சுங்கை சிப்புட்
2 ஆகஸ்ட் 2025

அண்ணே,

அம்மா, அப்பா சுகம். பத்தாம் தேதி நான் பஸ் நிலையத்துக்கு வரமாட்டேன்.

இல்லை. அன்று உங்களுக்காக ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை. சீட்டை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டேன். பக்கத்து மேசையில் ஆராதனைக்கு வந்தவர்களுக்குக் கறிபாப் வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். சூடாக இருந்தது. இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன்.

கெசியா